அரைப்பாலத்தில் ஓர் அஞ்சலி உரை

பொய் சொல்லக் கிளம்புகிறவனுக்குக் கொஞ்சமாவது பூகோளம் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கூடு பார்க்கவும் தெரிந்திருந்தால் நல்லது. இரண்டும் சரியாகத் தெரியாத நான், ஐம்பத்து நான்காவது வயதில், சாகக் கிடந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். எங்கள் குடும்பத்தில் இதைப் பகிடியாகத்தான் சொல்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்து முடிந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதை ஒருவரும் கவனித்ததில்லை.

எல்லாம் ஒரு படத்தில் தொடங்கியது. சில வருடங்களுக்கு முன் என் மனைவி வதனிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது, வேலைக்குப் போகக்கூடாது. வெளியே, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் மல்வேர்ன் முழுக்கப் பனி. முதியோர் இல்லத்தில் ஓடி ஓடி வேலை செய்து பழகியவள், வீட்டுக்குள் அடைபட்டதும் சுவரோடு கதைக்கத் தொடங்கினாள். (சுவர் பதில் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. பயம்தான்.) அப்போது பக்கத்து வீட்டுக்காரி, பழைய சாமான் கடையில் வாங்கிய ஆயிரம் துண்டு ஜிக்சோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி இல்லை, மாதிரிப் படமும் இல்லை. ஒரு பொலித்தீன் பைக்குள் துண்டுகள் மட்டும் கிடந்தன.

மூன்று வாரத்தில் படம் எழும்பியது. ஓர் ஆறு. கரையில் கோட்டை மாதிரி ஒரு மாளிகை. பக்கத்தில் ஒரு கோபுரம், அதன் உச்சியில் தங்க நிறத்தில் ஒரு சிலை. ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் கட்டிய பாலம். பாலம் நாலு வளைவு போய், நட்டாற்றில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்ணீர்த் துண்டுகள் அச்சொட்டாகப் பொருந்தின. வதனி அதை நம்பவில்லை. "நான்தான் பிழையாப் போட்டிட்டன்" என்று ஆற்றைக் கழற்றித் திரும்பப் போட்டாள். மூன்று முறை போட்டாள். மிச்சப் பாலத்தைத் தேடி நான் சோபாவைப் புரட்டினேன், வக்கியூம் கிளீனரின் பையைக் கிழித்துக் கொட்டினேன். கடைசியில் வீட்டுக்கு வந்த பெறாமகள் அபிதான் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சித்தி, இற்ஸ் லைக் தற். பாலமே அரைவாசிதான். பிரான்ஸில, அவிஞ்ஞோன் எண்டு ஒரு சிற்றி."

படத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். வருகிறவர்கள் எல்லோரும் அதன் கீழே இருந்துதான் தேத்தண்ணி குடித்தார்கள். சிலர் அதைக் கண்டி என்றார்கள், சிலர் லண்டன் என்றார்கள். அபியின் தகப்பன், என் பெரியப்பாவின் மகன் நடேசண்ணை, ஒவ்வொரு முறை வரும்போதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து படத்தைப் பார்ப்பார். "என்ன வதனி, மற்றப் பக்கம் கட்டியாச்சோ?" என்பார். வதனியும் "சிமெந்து வரேல்லை அண்ணை" என்பாள். சலிக்காமல் அத்தனை வருடமும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த நடேசண்ணைதான் நான் அகதியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஒரு பழைய குளிர்க்கோட்டோடு நின்றவர். பார்க்டேலில் அவருடைய ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்றில் ஏழாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டவர். அந்த வீட்டில் ஒரேயொரு கட்டில் இருந்தது. அந்தக் கட்டிலின் கதை இந்தக் கட்டுரையில் பின்னுக்கு வரும்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வதனியை அந்தப் பாலத்துக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பங்குனியில் ஆறு நாள். ரிக்கெற், ஹோட்டல், மாளிகைக்குள் போக அனுமதி எல்லாம் எடுத்தாகிவிட்டது. பார்க்க வேண்டிய இடங்கள் ஏழை வதனி ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் சரி போடச் சின்னச் சின்னப் பெட்டிகளும் கீறி வைத்திருந்தாள். மாசியில் நடேசண்ணை ஆஸ்பத்திரியில் விழுந்தார். ஈரலில் என்றார்கள். ஒரு கிழமையாகவும் இருக்கலாம், மூன்று மாதமாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர்.

"உண்மையைச் சொல்லிப்போட்டுப் போவம். இல்லாட்டிப் போகாமல் விடுவம்" என்றாள் வதனி.

இப்போது நினைத்தால், அந்த வீட்டில் அன்று ஒரு புத்தியுள்ள ஆள் இருந்திருக்கிறது. அது நானில்லை.

"உமக்கு அண்ணியைத் தெரியாதோ?" என்றேன். "அண்ணை சாகக் கிடக்கேக்க ஊர் சுத்தப் போனவன் எண்டு, என்ர செத்தவீட்டிலயும் சொல்லுவா."

ஆகவே ஒரு பொய் தயாரித்தேன். நான் லிப்ற் திருத்தும் கம்பனியில் வேலை செய்பவன். புது மொடல் ஒன்றுக்குப் பயிற்சி, மொன்றியலில் ஆறு நாள், வதனியும் லீவு எடுத்துக்கொண்டு வருகிறாள். ஏன் மொன்றியல்? இதில்தான் என் மூளை வேலை செய்தது. போன் வந்தால் பின்னால் பிரெஞ்சு கேட்கும். மொன்றியலிலும் பிரெஞ்சுதான். ஒருவருக்கும் சந்தேகம் வராது. இந்த யோசனை வந்த அன்று எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது. கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தும் கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணையிடம் சொன்னேன். முகம் மஞ்சள் பாரித்துக் கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொன்றியலோ? குளிரும். வடிவாப் போத்துக்கொண்டு போ" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பறந்தோம். பாரிஸ் விமான நிலையத்தில் இரண்டு பேரும் முகக்கவசம் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, குனிந்தபடி நடந்தோம். கிருமிக்குப் பயந்தல்ல, பாரிஸில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் இருந்து யாராவது சொந்தக்காரர் யாரையாவது ஏற்ற வந்திருக்கக்கூடும். அங்கேயே ரயில் ஏறித் தெற்கே போனோம். தெற்கு என்றால் சூடு என்ற நம்பிக்கையில் எங்கள் குளிர்க்கோட்டுகளை மல்வேர்னில் விட்டிருந்தோம். அவிஞ்ஞோனில் இறங்கியதும் வடக்கே இருந்து ஒரு காற்று வந்து அறைந்தது பாருங்கள். அந்த ஊரில் அந்தக் காற்றுக்கு ஒரு பெயரே இருக்கிறதாம். கனடாவில் இத்தனை குளிர்காலம் கழித்தவன், பிரான்ஸின் தெற்கே பல்லுக் கிடுகிடுக்க நின்றேன். "வடிவாப் போத்துக்கொண்டு போ" என்றது நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை பின்னேரம், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது அண்ணியின் போன் வந்தது.

"தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்."

பக்கத்து மேசையில் யாரோ பிரெஞ்சில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். நான் திட்டமிட்டபடியே அது அண்ணிக்குக் கேட்டது.

"எல்லாம் பிரெஞ்சாக் கிடக்கு, பாவம், வேலையில நிக்கிறாய் போல" என்றார் அண்ணி. "வெள்ளிக்கிழமைதான் மண்டபம் கிடைச்சது. சனி, ஞாயிறு ஒண்டும் இல்லையாம். ஐஞ்சு மணித்தியாலக் கார் ஓட்டம் தானே தம்பி. வதனியையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு வந்திடு. அவர் கடைசியாவும் உன்னைத்தான் கேட்டவர்."

உண்மையைச் சொல்ல எனக்குத் தரப்பட்ட கடைசி நல்ல நிமிடம் அது. நான் சொன்னது: "ஓம் அண்ணி, வாறன்."

பூகோளம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று அப்போதுதான் விளங்கியது. வன்கூவர் என்று சொல்லியிருந்தால் தூரம் என்று எல்லோரும் மன்னித்திருப்பார்கள். மொன்றியல் பக்கத்து ஊர். அங்கிருந்து செத்தவீட்டுக்கு வராதவன் மனிதனில்லை. அடுத்த நாள் தொடங்கிப் பிரான்ஸில் ரயில் ஊழியர் வேலைநிறுத்தம். சனிக்கிழமை வரை பாரிஸுக்கு ரயில் இல்லை என்றார்கள். வாடகைக்குக் கார் எடுத்து ஓடியிருக்கலாம். ஏதாவது ஒரு விமானத்தில் தொங்கிக்கொண்டாவது வந்திருக்கலாம். வந்தால் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துவிடும். வேலைநிறுத்தம் எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை போனில் கழிந்தது. முதலில், நெடுஞ்சாலையில் பனிப்புயல் என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அண்ணையின் மருமகன் சுதன் எடுத்தான். சுதன் லொறி ஓடுபவன். எங்கே ஓடுபவன்? ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில்தான். உலகத்தில் உள்ள அத்தனை பாதைகளிலும் அவனுக்கு வாய்த்தது அந்தப் பாதை.

"மாமா, என்ன புயல்? றோட்டு பளிங்கு மாதிரிக் கிடக்கு. நான் இப்ப மொன்றியல்லதான் நிக்கிறன். எந்த ஹோட்டல்? வாசல்ல வந்து ஏத்துறன்."

"சுதன்... எனக்குக் கொவிட்."

இரண்டு பொய்க்கும் நடுவில் நான் மூச்சுக்கூட விடவில்லை. லொறியில் ஓடிய பாட்டைச் சுதன் நிறுத்தினான். பிறகு, "கவனம் மாமா. மாமிக்கும் இருக்கோ?" என்றான். உண்மையான கவலையோடு கேட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் சொந்தம் முழுக்க என் உடல்நிலைக்காக இறங்கிவிட்டது. மொன்றியலில் இருக்கும் அண்ணியின் உறவுக்காரி ஒருத்தி ரசமும் மல்லித்தண்ணியும் போத்தலில் ஊற்றிக்கொண்டு, எந்த ஹோட்டல் வாசலில் வைப்பது என்று கேட்டாள். செத்தவீட்டில் நிற்கிறவர்கள் என் காய்ச்சல் எத்தனை பாகை என்று விசாரித்தார்கள். (நூற்றொன்று என்றேன். நூறு என்றால் கார் ஓட்டலாமே என்பார்கள்.) பின்னேரம் அபி அழுதழுது எடுத்தாள்.

"சித்தப்பா, நீங்கள் வர ஏலாட்டிப் பரவாயில்லை. வீடியோவில ஸ்பீச் குடுங்கோ. ஹோல்ல பெரிய ஸ்கிரீன் இருக்கு. அப்பாவோட பார்க்டேல்ல இருந்த ஆக்கள்ல நீங்கள் மட்டும்தான் மிச்சம். காலமை பதினொரு மணி. ப்ளீஸ்."

ஓம் என்றேன். அதை மட்டும் பொய்யாகச் சொல்லவில்லை. அண்ணையைப் பற்றி நான் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. எத்தனையோ வருடமாக அவரிடம் சொல்ல நினைத்து, நாக்கு எழும்பாமல் விட்ட ஒன்று. சவப்பெட்டிக்கு முன்னாலாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஹோட்டல் கடதாசியில் எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன்.

ரொறன்ரோவுக்கும் பிரான்ஸுக்கும் ஆறு மணித்தியாலம் வித்தியாசம். காலை பதினொன்று என்றால் இங்கே பின்னேரம் ஐந்து. இது சின்னப் பிள்ளையும் போடுகிற கணக்கு. நானும் அப்படியே போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வதனி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

"இண்டைக்கோ? அண்ணையின்ர செத்தவீடு இண்டைக்கு."

"தெரியும். அறைக்குள்ள கிடந்தா மட்டும் செத்தவீட்டுக்குப் போனதாகுமோ? அந்தப் பாலத்துக்காகத்தான் இவ்வளவு பொய்யும் சொன்னனீங்கள். அதையும் பாக்காமல் போனா எனக்கு விசர் பிடிக்கும்."

உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் பார்த்து மகிழும் அந்த நகரத்தை, நாங்கள் இரண்டு பேரும் செத்தவீட்டுக்குப் போகிற முகத்தோடு பார்த்தோம். முதலில் பாப்பரசர்களின் மாளிகை. ஒரு காலத்தில் பாப்பரசர்கள் ரோமாபுரியை விட்டு வந்து இங்கேதான் இருந்தார்களாம். வாசலில் வதனி நின்றுவிட்டாள். "துடக்கோட உள்ள போகலாமோ?" செத்தவீட்டுத் துடக்கென்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. "அது அவையின்ர சமயம், எங்கட துடக்கு அங்க செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிக் கூட்டிப் போனேன். உள்ளே மண்டபம் மண்டபமாக வெறும் கல். கட்டில் இல்லை, கதிரை இல்லை, ஒரு துணி இல்லை. கையில் தந்த கருவியைத் தூக்கிப் பிடித்தால்தான் அந்தக் காலத்துத் திரைச்சீலைகளும் விருந்தும் தெரியும்.

"ஆக்கள் சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு வீடு மாறிப் போனமாதிரிக் கிடக்கு" என்றாள் வதனி. ஆனாலும் கொப்பியை எடுத்து முதல் பெட்டிக்குள் சரி போட்டாள்.

பிறகு தங்க மாதா நிற்கும் பேராலயம். சரி. நகரத்தைச் சுற்றியிருக்கும் பழைய மதில். சரி. மணிக்கூட்டுச் சதுக்கம். சரி. (அங்கே ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. நான் அதை நிமிர்ந்து பார்த்து, இன்னும் நேரம் கிடக்கு என்று சொன்னதை வதனி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.) செடி வளரும் சுவரோடு கூரை போட்ட ஒரு சந்தை. சரி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நிற்போம், யாராவது ஒருவருக்குக் கண் கலங்கும், கொப்பியை எடுப்போம். படம் எடுக்கவில்லை. படம் இருந்தால் சாட்சி இருக்கும்.

ஆறாவது இடம் மலை மேல் இருந்த பூங்கா. மேலே ஏறி ஓரத்துக்குப் போனால் கீழே ஆறும் பாலமும். வதனி கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நட்டாற்றில் நின்றுபோன அதே நாலு வளைவு.

"உண்மையாவே தண்ணிதான்" என்றாள் மெல்ல. "நான் சரியாத்தான் போட்டிருக்கிறன்."

அன்று முழுவதிலும் அவள் முகம் தெளிந்தது அந்த ஒரு தடவைதான். நேரம் மூன்றரை. பாலத்தில் ஒரு அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, ஹோட்டலுக்குப் போய், முகம் கழுவி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு உரை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

பாலத்தில் கால் வைத்து, நடுவில் இருக்கும் சின்னக் கல் தேவாலயத்தை நெருங்கும்போது போன் அடித்தது. நேரம் நாலு.

"சித்தப்பா, யூ ஆர் நெக்ஸ்ற். ஸ்கிரீன்ல எடுக்கிறன், ரெடியோ?"

"அபி, பதினொரு மணிக்கெல்லோ?"

"இப்ப பதினொண்டுதான் சித்தப்பா!"

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் இருந்த மணிக்கூட்டை நானே என் கையால் தள்ளினேன். ஐரோப்பாக்காரர் அதை மாதக் கடைசியில்தான் தள்ளுவார்கள். அந்த இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும் வித்தியாசம் ஐந்து மணித்தியாலம். அந்த இரண்டு மூன்று கிழமைக்குள்தான் நடேசண்ணை செத்தார், நான் பொய் சொன்னேன்.

தேவாலயத்தின் வெளிச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். பின்னால் வெறும் கல் மட்டும். ஹோட்டல் சுவர் என்று நினைப்பார்கள். முகக்கவசத்தை மாட்டினேன். வதனி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் மண்டபம் தெரிந்தது. பூக்கள். பெட்டி. அதற்குள் நாசியும் நெற்றியும் மட்டும் தெரிய, அண்ணை. முன்வரிசையில் அண்ணி. பின்னால் ஒரு முந்நூறு பேர் இருக்கும், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு.

எழுதிய கடதாசி ஹோட்டலில். "அன்னாரின் பிரிவால் துயருறும்..." என்று தொடங்கினேன். இரண்டு வசனத்துக்கு மேல் அது ஓடவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்தேன். எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு மறந்தே போனது.

"அண்ணை ஆருக்கும் பொய் சொல்லாத மனுசன்" என்றேன். "ஆனா எனக்கு ஒரு பொய் சொன்னவர். ஒரேயொரு பொய். ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் சொன்னவர். அது என்ன பொய் எண்டு..."

விம்மி விம்மி அழத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துச் சுற்றுலா வந்த ஒரு கூட்டம் பாலத்துக்கு ஏறியது. எல்லாம் எழுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்கள், ஒரே நிறத்தில் மழைக்கோட்டுப் போட்டவர்கள். அந்தப் பாலத்துக்கு வருகிறவர்கள் கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடுவது வழக்கமாம். ஆடினார்கள், பாடினார்கள். அதில் ஒரு அம்மா, சுவரோடு ஒட்டிக்கொண்டு அழும் என்னைக் கண்டு இரங்கி, சிரித்த முகத்தோடு வந்து, என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தார். மறுபக்கம் ஒரு கிழவர் மற்றக் கையைப் பிடித்தார். நான் அழுதுகொண்டே சுற்றினேன். கையை உதறியிருக்கலாமே என்று கேட்பவர்கள், எழுபது வயது ஆள் உற்சாகத்தில் கையைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள்.

"ஐயோ!" என்றாள் வதனி. என்னை மறைப்பதற்காகப் போனைத் திருப்பப் போனவள், எதையோ தவறி அமத்தினாள். முன்னால் பார்த்த கமரா பின்னால் பார்க்கத் தொடங்கியது. ஆறு, மாளிகை, தங்க மாதா, ஓரமாகப் பாலத்தின் ஒரு பக்கம். அத்தோடு இணைப்பு இறுகி, அந்தக் காட்சி அப்படியே அசையாமல் மண்டபத்துத் திரையில் நின்றது.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு யாரோ ஒரு அன்ரி தெளிவாகச் சொன்னார்: "உது இவையின்ர வீட்டு ஹோல்ல தொங்குற படமெல்லோ!"

அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்துக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கீறிக் காட்டுவார்கள். ஆகவே அவர்கள் எடுத்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது. நான் மொன்றியலில் இல்லை. மல்வேர்னில், என் வீட்டில், சோபாவில், படத்துக்கு முன்னால் இருக்கிறேன். செத்தவீட்டில் இருந்து பத்து நிமிடத் தூரத்தில். பின்னால் பாட்டுப் போட்டு ஆட்டம் வேறு.

அண்ணி ஒலிவாங்கியை எடுத்திருக்க வேண்டும்.

"தம்பி, வீட்டிலயோ நிக்கிறாய்? பத்து நிமிசம் வர ஏலாமல் போச்சுதோ உனக்கு?"

வாழ்க்கையில் ஒரு பழியைப் போக்க அதைவிடப் பெரிய உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது எனக்கு அந்த ஒருமுறைதான். வட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து போனுக்குள் கத்தினேன்:

"இல்லை அண்ணி! சத்தியமா வீட்டில இல்லை! நான் பிரான்ஸில நிக்கிறன்!"

என் காதுக்குக் கேட்டது எங்கள் பக்கத்துக் காற்று மட்டும்தான். பிறகு ஐயர் கனைத்தார். "கிரியைக்கு நேரம் போகுது" என்றார். அபி மிகவும் மரியாதையாக, "சித்தப்பா, வீ ஹாவ் ரு கோ" என்றாள். இணைப்பு அறுந்தது.

சுதன் அதையும் நம்பவில்லை. தகனம் முடிந்த கையோடு மல்வேர்னுக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் மணி அடித்திருக்கிறான். பிறகு யன்னலால் எட்டி, சுவரில் தொங்கிய படத்தைப் படம்பிடித்து அனுப்பினான். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை.

நாங்கள் பாலத்தின் நுனிவரை நடந்தோம். அதற்கு மேல் ஒரு கம்பி வேலி, கீழே ஆறு. வதனி கொப்பியை எடுக்கவில்லை. ஏழாவது பெட்டி இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

"மற்றப் பக்கம் கட்டியாச்சோ எண்டு இனி ஆர் கேக்கப் போயினம்?" என்றாள்.

அவர் கடைசியாகக் கேட்ட ஆள் நான். ஊர் பார்க்க வந்து, ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல், அரைப்பாலத்தில் நின்று வெள்ளைக்காரரோடு வட்டமடித்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்குப் போனோம். அண்ணி வதனியோடு கதைத்தார், என்னைப் பார்க்கவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கும் பார்க்கவில்லை. ஆனால் குடும்பம் அதற்குள் கதையைத் தன் கையில் எடுத்துவிட்டது. யாராவது வரச் சுணங்கினால், "என்ன, பாலத்தில நிக்கிறியோ?" என்று கேட்பார்கள். வேலை என்று சொல்லி விழாவுக்கு வராதவனை "போனைத் திருப்பிக் காட்டு" என்பார்கள். ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாளிலும் சுதன் என்னைப்போல அழுதுகொண்டே ஒரு வட்டம் சுற்றிக் காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதை எப்போதும் "பிரான்ஸில நிக்கிறன்" என்ற இடத்தில் முடியும். அதற்கு முன் நான் பாதியில் விட்ட வசனத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

ஆட்டைத் திவசத்தன்று கேட்டார் அண்ணி. சாப்பாடு முடிந்து சனம் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிய கறிகளைப் பிளாஸ்ரிக் பெட்டிகளில் போட்டு மூடிக்கொண்டு நின்றவர், நிமிராமலே கேட்டார்.

"அண்டைக்கு இவர் உனக்கு ஒரு பொய் சொன்னவர் எண்டாய். என்ன பொய்?"

ஒரு வருடத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது. கையில் இருந்த மூடியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பார்க்டேல் வீட்டில ஒரு கட்டில்தான் அண்ணி. அது அண்ணையின்ர. நான் வந்த அண்டைக்கே, 'எனக்கு நாரி நோகுது, முதுகு நிமித்த ஏலாது, டொக்டர் நிலத்திலதான் படுக்கச் சொன்னவர், நீ கட்டில்ல படு' எண்டு சொல்லிப்போட்டார். ரெண்டு வருசம் நான்தான் அதில படுத்தனான். உண்மையெண்டு நம்பிப் படுத்தனான். கனகாலம் கழிச்சுத்தான், அவருக்கு நாரி நோவே இருக்கேல்லை எண்டு கூட இருந்த பொடியன் ஒருத்தன் சொன்னான். அதுக்கு ஒரு நன்றி... அதைத்தான் சொல்ல வந்தனான்."

அண்ணி கறிப் பெட்டியைத் துடைத்தார். துடைத்த பெட்டியையே திரும்பத் துடைத்தார்.

"நாரி நோவு இருந்தது" என்றார்.

"இல்லை அண்ணி, அது சும்மா..."

"நான் கட்டி வந்த நாளில இருந்து எண்ணெய் பூசினது ஆர்? முதல்ல இல்லைத்தான். அந்த ரெண்டு வருசமும் குளிர் நிலத்தில படுத்துத்தான் பிடிச்சதெண்டு டொக்டர் சொன்னவர். சாகுமட்டும் விடேல்லை. உனக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சா நீ நித்திரை கொள்ள மாட்டாயாம்."

நான் அந்தக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். அண்ணி என் கையில் இரண்டு பெட்டியைத் திணித்தார்.

"நீ கேட்டிருந்தா, 'போய்ப் பாலத்தைப் பாத்திட்டு வா' எண்டுதான் அவர் சொல்லியிருப்பார். நீ கேக்கேல்லை. இனி அவங்கள் அந்தக் கதையைச் சொல்லேக்க இதையும் சேர்த்துச் சொல்லு."

சேர்த்துத்தான் சொல்கிறேன். சுதன் வட்டம் சுற்றி முடித்ததும் நான் கட்டிலைப் பற்றித் தொடங்குவேன். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்குவார்கள். பிளேற்றைப் பார்ப்பார்கள். யாராவது தண்ணீர் குடிக்க எழும்புவார்கள். எங்கள் வீடென்றால், அந்த நேரத்தில் அண்ணி சுவரை நிமிர்ந்து பார்த்து வதனியிடம் கேட்பார்:

"என்ன வதனி, மற்றப் பக்கம் கட்டியாச்சோ?"

"சிமெந்து வரேல்லை அண்ணி" என்பாள் வதனி.